கவலையும் கூந்தலும்

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி என விரியும் எங்கள் வறண்ட வட்டாரத்தில் மயிர் உதிர்ந்தால், பழி முதலில் உப்புத் தண்ணீரின்மேல்தான் விழும். அந்நீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை, தலை சிக்குப் பிடிக்கிறது, உண்மையே. ஆனால், ஆண்டு முழுவதும் அதே நீரில் குளித்தவனுக்கு ஜூன் மாதத்தில் மட்டும் மயிர் கொத்துக் கொத்தாய் உதிர்வானேன்?

பழைய சீன மருத்துவர்கள் இத்தகைய வினாவுக்கு மனத்தின் வழியாகவும் விடை தேடினர். மயிர் என்பது குருதியின் மிச்சம் என்பது அவர்கள் கொள்கை. சினம் கல்லீரலையும், அச்சம் சிறுநீரகத்தையும், ஓயாத சிந்தனை மண்ணீரலையும் தாக்கும். மண்ணீரல் தளர்ந்தால் குருதி குன்றும். குருதி குன்றினால் மயிர் வாடும் என்றனர். வட்டமாக மயிர் கொட்டுவதை நாம் 'புழுவெட்டு' என்கிறோம். சீன மக்களோ 'பேய் சிரைத்த தலை' என்றார்கள். உண்மையில் அங்கே புழுவும் இல்லை, பேயும் இல்லை. உடலின் காவற்படையே மயிர்க்கால்களைப் பகையென்று எண்ணித் தாக்குவதால் வருவது அது.

கவலையால் தலை முழுவதும் உதிர்வது வேறு வகை. நாள்தோறும் 50 முதல் 100 மயிர் உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சலோ பெருங்கவலையோ நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்க்கால்கள் பல ஒருசேர ஓய்வுக்குச் செல்கின்றன. ஓய்வுற்ற மயிர் இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே உதிரும். ஆகவே, மார்ச்சுத் தேர்வின் கலக்கம் ஜூனில் சீப்பில் தெரியலாம். 2021-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் ஒன்று கண்டனர்: சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பி, நெருக்கடியின்போது சுரக்கும் நீர், மயிர்க்காலின் ஓய்வை நீட்டிக்கிறது. இதனால் சீனர் அன்றே இதை அறிந்திருந்தனர் என்று சொல்லிவிடலாகாது. அவர்கள் உறவைக் கண்டனர். அதன் வழியைக் கண்டது பின்வந்த அறிவியல்.

பழமை என்பதனாலேயே ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது. மயிருக்கென்று சீனர் போற்றும் 'ஹோ ஷோ வூ' என்னும் கிழங்கு, உண்டவர் சிலரின் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது.

காரணம் நீங்கினால், இவ்வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கும்; மயிர் மீண்டும் முளைக்கும். உண்ணுங்கள், உறங்குங்கள். வட்டமாக உதிர்ந்தாலும், ஆறு மாதத்துக்குமேல் நீடித்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உதிர்ந்த மயிரை எண்ணி எண்ணி வருந்துவது, உதிர்வதற்கு மற்றுமொரு காரணத்தைச் சேர்ப்பதே ஆகும்.