எந்த இடத்தில் என்று கேளுங்கள்

பட்டம் பெறும் பிள்ளைகளுக்கு வாழ்த்து. பின்வரிசையில் கைபேசி பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எரிவாயுக் கிணறுகளோடு காலம் தள்ளியவன் நான். அதனால் ஒரு வாயு வயலைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில், 1971இல் கண்டுபிடிக்கப்பட்டது அருண் வயல். சுமார் 10,000 அடி ஆழம், 178 டிகிரி செல்சியஸ் சூடு. அந்த வாயுவின் அழுத்தத்தைச் சோதனைக்கூடத்தில் குறைத்துப் பார்த்தபோது பிரிந்த திரவம் 1.1 சதவீதம்தான். இதற்குப் போய் யார் கவலைப்படுவார்கள்? ஆனால் கிணறுகளின் உற்பத்தித்திறன் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது.

அழுத்தம் குறைந்தால் திரவம் வாயுவாகும் என்றுதான் பள்ளியில் படித்தோம். இந்த வகை வாயு தலைகீழ். அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், இதிலிருந்து கண்டன்சேட் என்கிற லேசான எண்ணெய் பிரியும். அழுத்தம் மிகவும் இறங்குவது கிணற்றை ஒட்டிய பாறையில். சுற்று வட்டாரத்து வாயு முழுவதும் அந்தக் கொஞ்சப் பாறை வழியாகத்தான் வர வேண்டும். வரும்போது எண்ணெயை அங்கேயே விட்டுவிடுகிறது. நுண்துளைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன, பின்னால் வரும் வாயுவுக்கு வழி குறுகிவிடுகிறது. அந்த 1.1 சதவீதம் இதைக் காட்டாது. சராசரியைக் காட்டி ‘பரவாயில்லை’ என்று முடிகிற அறிக்கையைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எந்த இடத்தில் எவ்வளவு என்று கேளுங்கள்.

நான் மாணவனாக இருந்தபோது, பாறைத் துண்டில் துளி விட்டு அது நிற்கும் கோணத்தை அளப்பதுதான் வேலை. மகா சலிப்பு. பேராசிரியர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட விடமாட்டார். விடுதிச் சாப்பாட்டிலிருந்து காப்பாற்றினார் என்றும் சொல்லலாம்! ஆனால் அந்தக் கோணத்தில்தான் விஷயமே இருக்கிறது. துளி பரவினால் பாறை அதைப் பற்றிக்கொள்ளும். உருண்டு நின்றால் விட்டுவிடும்.

கண்டன்சேட்டை மெத்தனால் செலுத்திக் கழுவலாம். அலபாமாவின் ஹாட்டர்ஸ் பாண்ட் வயலில் அப்படிச் செய்து உற்பத்தியைக் கூட்டினார்கள். ஆனால் கழுவிய இடத்தில் மறுபடியும் சேரும். பாறையின் குணத்தையே மாற்றினால் என்ன? ஆய்வாளர்கள் கெவென் லீயும் அப்பாஸ் ஃபிரூஸாபாதியும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளூரின் கலந்த வேதிப்பொருளை மணற்கல்லுக்குள் செலுத்தினார்கள். தாமரை இலை தண்ணீரை மட்டும் உதறும், எண்ணெய் அதில் படிந்துவிடும். இந்தக் கல்லிலோ தண்ணீர், எண்ணெய் இரண்டின் பிடியும் தளர்ந்தது. திரவம் எளிதாக நகர்ந்தது.

சிக்கல் ஃப்ளூரினில் இருக்கிறது. இந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் லேசில் சிதைவதில்லை. 2025 முடிவுக்குள் இவற்றின் உற்பத்தியை நிறுத்துவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஃப்ளூரின் இல்லாத பூச்சு வேண்டும். 150 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உப்புநீரையும் தாங்கிப் பாறையில் நிற்க வேண்டும். சிலிக்கா நுண்துகள்களை முயல்கிறார்கள். அளவு தப்பினால் அவையே துளையை அடைக்கும்.

துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வேதியியல் பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள். பாறைத் துண்டுகள் கொண்டுவந்திருக்கிறேன்.