காய்ச்சல் காலில் வந்த கதை



பனி விலகிய காலையில் கோடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே நின்று நோக்கினால், தொலைவிலே கீழே பழனி தெரியும். பள்ளியில் படித்த நாளில், தைப்பூசத்திற்கு அங்கே நடந்தே செல்வதென்று நேர்ந்துகொண்டேன். அக்காலத்தில் தைப்பூசம் அரசு விடுமுறையன்று. உண்மையைச் சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சி, காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொடுத்தேன்.

அறுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் நடந்து, தரிசனம் செய்து, பேருந்தில் திரும்பினேன். நொண்டிக்கொண்டு வகுப்பில் நுழைந்த என்னைப் பார்த்து ஆசிரியர், “தம்பி, காய்ச்சல் காலிலா வந்தது?” என்றார். வகுப்பே சிரித்தது. பின்னர்த் தனியே அழைத்து, “முருகனைக் காணப் பொய்யையா துணைக்கு அழைத்துப் போவது? என்னிடம் கேட்டிருக்கலாமே!” என்றார். அச்சொல் கொப்புளத்தினும் அதிகமாக வலித்தது.

கேட்கும் முறையைப் பின்னாளில் யூத மாணவர்களைப் பற்றிப் படித்து அறிந்தேன். யூதர்களின் பண்டிகைகளும் சந்திரனைப் பின்பற்றுவன. ஆகவே ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாள் செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது பாடம் நடக்கும் காலம். முதல்நாள் மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை அவர்கள் உண்பதில்லை; நீரும் பருகுவதில்லை. நெறி வழுவாதவர்க்கு அன்று எழுதுவதும் விலக்கு. அந்நாளில் தேர்வு வைத்தால் அம்மாணவன் என் செய்வான்? பருவம் தொடங்கும்போதே பண்டிகைத் தேதிகளைக் குறித்து ஆசிரியருக்கு எழுதுகிறான்; வேறொரு நாளில் தேர்வெழுதுகிறான். நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டமே இவ்வுரிமையை அளிக்கிறது. அவன் தேர்வுக்குத் தப்புவதில்லை. தேதியை மட்டுமே மாற்றக் கேட்கிறான்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கொங்கணக் கடற்கரையில் செக்காட்டி வாழ்ந்த பெனே இஸ்ரவேல் யூதர், சனிக்கிழமையில் செக்கை நிறுத்திவிடுவர். அதனால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தனர். ஓய்வுநாளை அவர்கள் மறைக்கவில்லை. அதுவே அவர்களுக்குப் பெயராயிற்று.

2021-இல் தமிழக அரசு தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக்கியது. இனி அதற்காக எந்தச் சிறுவனும் காய்ச்சலைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ஆனால், நாட்காட்டியில் சிவப்பு எழுத்துப் பெறாத புனித நாள்கள் இன்னும் பல. அவற்றைப் போற்றும் ஒருவன் உங்கள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம். விடுப்பு வேண்டுவோர் உண்மை சொல்லி, முன்கூட்டியே கேளுங்கள். நாளை ஆசிரியராகப் போகிறவர்களே, கேட்பவன் அஞ்சாமல் கேட்கும்படி இருங்கள். விடுபட்ட பாடத்தைத் தோழனுக்குச் சொல்லிக்கொடுப்பது மற்றவர் கடமை.