தீர்ப்புக்கு முந்தைய நாட்கள்



இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கிறது. அங்குள்ள லிங்கத்தை நிறுவியவர் பிரம்மா என்பது ஊர் வழக்கு. சிவனின் முடியைக் கண்டதாகப் பொய் சொல்லி, தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து, தண்டனை பெற்றவர் அவர். கிரிவலம் வருகிற எல்லோரும் அறிந்த கதைதான். வழக்கறிஞனான எனக்கு அதில் எப்போதும் கண்ணில் படுவது ஒன்று: தீர்ப்புச் சொன்னவருக்கு உண்மை தெரியும். அது அவருடைய முடி. அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை. நாம் இன்று பேசப்போகிற கிரிக்கெட் வாரியங்களுக்கும் கபடி லீக்குகளுக்கும் அந்த வசதி கிடையாது. ஒரு வீரர் கைதாகிறார். அடுத்த ஆட்டம் நாளை மறுநாள். நடந்தது என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது. அவரை இறக்குவதா, உட்கார வைப்பதா?

2013 மே 16 அதிகாலை மும்பையில் தில்லிக் காவல்துறை ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் ஆகிய மூன்று ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்களைக் கைது செய்தது. ஓர் ஓவரில் 14 ஓட்டங்களை விட்டுத்தரப் பணம் பேசினார் என்பது ஸ்ரீசாந்த் மீதான குற்றச்சாட்டு. இந்தியக் கிரிக்கெட் வாரியம் அவர்களை உடனே இடைநீக்கம் செய்தது. அதில் எனக்குக் குறையில்லை. நான்கே மாதங்களில், செப்டம்பர் 13 அன்று, ஸ்ரீசாந்துக்கு ஆயுள் தடை விதித்தது. அதற்கு அடிப்படையான, வாரியத்துக்காக விசாரித்த ரவி சவானியின் அறிக்கை பெரும்பாலும் காவல்துறை தந்த தகவல்களை நம்பி எழுதப்பட்டது. 2015 ஜூலை 25 அன்று பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் 36 பேரையும் விடுவித்தது. வாரியம் தடையை நீக்க மறுத்தது.

கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2017 ஆகஸ்டில் தடையை நீக்கினார். அக்டோபரில் டிவிஷன் பெஞ்ச் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2019 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். குற்ற வழக்கில் விடுபட்டதால் மட்டும் ஒழுங்கு நடவடிக்கை இல்லாமல் போகாது. இரண்டிலும் நிரூபிக்க வேண்டிய அளவு வேறு. ஆனால் விதியே ஐந்தாண்டு முதல் ஆயுள் வரை இடம் தந்திருக்க, எடுத்த எடுப்பில் ஆயுள் தடை ஏன் என்று வாரியம் யோசிக்கவே இல்லை. பிறகு வாரியத்தின் குறைதீர்ப்பாளரான ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே. ஜெயின் தடையை ஏழாண்டாகக் குறைத்தார். கைதானபோது ஸ்ரீசாந்துக்கு வயது 30; தடை முடிந்தபோது 37. ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு அந்த ஏழாண்டுகள் என்ன என்பதை இங்கே அமர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

விடுதலையானவரை உடனே அணியில் சேர் என்று கோஷம் போட்ட ரசிகர்களோடு நான் சேர மாட்டேன். என் மனத்தாங்கல் வேறு. விலக்கி வைப்பதும் தண்டிப்பதும் நம் நாட்டில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் சாலைத் தகராறு ஒன்றில் முதியவர் ஒருவர் இறந்தார். அந்த வழக்கில் அமர்வு நீதிமன்றம் நவ்ஜோத் சிங் சித்துவை விடுவித்தது 1999-இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவர் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே இருந்தார். 2022-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. ஒருவருக்கு நான்கு மாதத்தில் ஆயுள் தடை, இன்னொருவருக்கு ஒரு நாள்கூட இடைநீக்கம் இல்லை. கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையில் என்ன செய்வது என்று எழுதிவைத்த விதி இல்லாத இடத்தில் அந்தந்த நேரத்துக் கூச்சல்தான் விதியாகிறது.

ஆஸ்திரேலிய ரக்பி லீக் 2019-இல் எழுதியே வைத்துவிட்டது. 11 ஆண்டோ அதற்கு மேலோ சிறைக்கு இடமுள்ள குற்றம் சாட்டப்பட்டால் வீரர் தானாக ஒதுங்கி நிற்க வேண்டும். முழுச் சம்பளம் உண்டு. குற்றவாளி என்று பொருள் கிடையாது. அப்படி ஒதுக்கப்பட்ட வீரர் ஜாக் டி பெலின் விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தோற்றார். 2019, 2020 இரண்டு பருவங்களும் அவருக்குப் போயின. ஜூரிகளால் முழு முடிவுக்கு வர முடியாமல் 2021-இல் மீதிக் குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு கைவிட்டது. அதே நாட்டில் 2022 நவம்பரில் பெண் ஒருவர் கொடுத்த புகாரில் கைதான இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலகவை அவருடைய வாரியம் எல்லா ஆட்டங்களிலிருந்தும் நீக்கி வைத்தது. மறு ஆண்டு செப்டம்பர் 28 அன்று நீதிமன்றம் விடுவித்தது. அக்டோபரில் வாரியம் தடையை விலக்கியது. புகார் கொடுத்த பெண்ணுக்கும் அந்த மாதங்கள் கனமானவை. குற்றம் சாட்டப்பட்டவரை மைதானத்தில் கைதட்டி வரவேற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்க நேர்வது சிறிய வேதனை இல்லை. ஒதுக்கி வைப்பதற்கு நான் எதிரி இல்லை என்பது அதனால்தான்.

நமக்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதும் இல்லை. பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனை! அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்த கேப்டன் பால் அந்தோணியின் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியிடை நீக்கத்தில் இருந்தவருக்குப் பிழைப்பூதியம் தரவில்லை. விசாரணைக்கு வரக் கையில் காசில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்தது. அது செல்லாது என்றது நீதிமன்றம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் பணியிடை நீக்கத்தை நீட்டக்கூடாது என்றது 2015-இல் வந்த அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பு. தாலுகா அலுவலக இளநிலை உதவியாளருக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, ஏலத்தில் எடுக்கப்பட்ட ஒரு கபடி வீரருக்கு ஏன் இருக்கக்கூடாது?

கபடியை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கிரிக்கெட் நட்சத்திரத்துக்கு மூத்த வழக்கறிஞர் வருவார். 2014-இல் புரோ கபடி லீக் வந்த பிறகு நம் கிராமத்துப் பையன்களுக்கும் ஒரு வாசல் திறந்தது. ஊர்த் திருவிழாத் தகராறில் எஃப்.ஐ.ஆரில் பத்தோடு பதினொன்றாகப் பெயர் ஏறினாலே போதும், அந்த வாசலும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். எஃப்.ஐ.ஆர். வேறு, குற்றப்பத்திரிகை வேறு, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவது வேறு. எந்தப் படியில் ஒதுக்குவது, எந்தக் குற்றத்துக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, அதுவரை அவர் வீட்டில் அடுப்பு எரிய யார் பொறுப்பு?

மாலை அமர்வில் மாதிரி விதி ஒன்றை எழுதப்போகிறோம். முதல் வரியில் பிழைப்பூதியத்தை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.