மூன்றாம் நாள் நடுக்கம்



மடுத் திருவிழாவுக்குப் போன எங்கள் பேசாலைத் தம்பி ஒருவன், மாதா முன்னால் சத்தியம் பண்ணி அன்றோடு சாராயத்தை நிறுத்தினான். இருபது வருசக் குடி. மறுநாள் விடிய வாடியில் வலை பொத்த உட்கார்ந்தவனுக்கு ஊசியில் நூல் ஏறவில்லை. கை அப்படி நடுங்கியது. பின்னேரம் வலிப்பு. கையில் திறப்பைத் திணித்தோம். மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊருதென்று கத்தினான். பேய் என்று தண்ணீர் தெளித்தோம். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். இரண்டு நாள் பிந்திவிட்டோம் என்ற குற்றவுணர்ச்சி இன்றும் என்னை உறுத்துகிறது.

அது பேயில்லை, தாய்மாரே. வருசக்கணக்காகச் சாராயத்துக்குப் பழகின மூளை, அது சட்டென்று நின்றதும் கொந்தளிக்கிறது. கவனிக்காவிட்டால் உயிரே போகும். டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, தயமின் ஊசியும் போட்டு, வைத்தியர்கள் அந்தக் கொந்தளிப்பை அடக்குவார்கள். நேர்த்தி வையுங்கள், நானும் வைப்பேன். ஆனால் கனகாலம் குடித்தவரை வைத்தியரிடம் காட்டிவிட்டுக் குடியை நிறுத்தப் பண்ணுங்கள்.

ஐஸ் போதைப்பொருள் வேறு கதை. அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. வாரக்கணக்கான உளவள ஆலோசனையும், உறக்கமும், பக்கத்தில் ஆளும் வேணும். திரும்ப ஒருக்கால் பாவித்தால் பிள்ளையை அடித்துத் துரத்தாதீர்கள். சீனி வருத்தக்காரருக்குச் சீனி கூடினால் கிளினிக்கை நிறுத்துவோமா? இந்தக் கரையில் பிடிபடும் கேரளக் கஞ்சா எத்தனை கிலோ என்று பேப்பரில் வருகிறது. சிகிச்சைக்குப் போன பொடியனைப் பற்றி ஒரு வரி வருவதில்லை.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இல் தொடங்கியது. அதன் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று தூரத்தில் இருக்கின்றன. தலைமன்னார்த் தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய், எந்தப் பாஷையில் அழுவாள்? தமிழில் கதைக்கும் ஆலோசகரோடு ஒரு நிலையம் எங்கள் மாவட்டத்திலேயே வேணும். இந்த மேடையிலிருந்து அதை உரிமையாகக் கேட்கிறோம்.

அதுவரைக்கும் 1927க்கு அடியுங்கள், அது சபையின் இலக்கம். மனம் குழம்பினால் 1926. மன்னார் பெரியாஸ்பத்திரிக்கு வரத் தனியே வெட்கமாயிருந்தால், கூட்டம் முடிய நான் வாசலில் நிற்பேன். பெயர் கேட்கமாட்டேன். காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வருவேன்.