வேலைத்தலத்தில் நீரிழிவு: சொல்வதா, மறைப்பதா?
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாம் இன்று எடுத்துக்கொண்ட விடயம் மேடைகளில் அதிகம் பேசப்படாதது. சமயமும் தமிழும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, நீரிழிவுள்ள ஓர் இளைஞன் அதைத் தன் முதலாளிக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி சற்று வினோதமாகவே ஒலிக்கும். ஆயினும் அந்தக் கேள்வி இம்மண்டபத்தில் இருக்கும் சிலருடைய சட்டைப்பையில் இப்பொழுதே இருக்கக்கூடும்; ஒரு குளிசை அட்டையின் வடிவத்தில் இருக்கக்கூடும்.

சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் நம்மவர்கள் சொல்லும் இந்நோயைப் பென்சன் எடுத்தவர்களுடைய நோயென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் என்று கண்டது. அப்படியாயின் ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு கந்தோரில் நாலைந்து பேருக்கு இந்நோய் இருப்பது வியப்பன்று. அவர்களில் எத்தனை பேரைப் பக்கத்து மேசைக்காரர் அறிவார்?

இக்கேள்வி பழைய கேள்வியுமன்று. சிறு வயதிலேயே வரும் முதலாம் வகை நீரிழிவு, முன்னாளில் வந்தவரை ஓரிரு ஆண்டுகளில் கொண்டுபோய்விடும். 1921 இல் ரொறன்ரோ நகரில் பான்ரிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்து, 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்ட பின்னரே அந்த நிலை மாறியது. நீரிழிவோடு படித்து, பரீட்சை எழுதி, நேர்முகப் பரீட்சைக்கும் போகின்ற இளைஞன் ஒருவனை உலகுக்குத் தந்தது அந்த ஊசிதான். அவன் மேலதிகாரிக்கு என்ன சொல்வது என்ற சங்கடமும் அதனோடு கூடவே வந்தது.

மறைக்கச் சொல்லும் பெரியவர்களை நாம் குறைசொல்ல வரவில்லை. "தம்பி, வாயைத் திறவாதே, வேலை நிரந்தரமாகட்டும்" என்று ஒரு தகப்பன் சொல்வது அறியாமையால் அன்று. தகுதிகாண் காலம் முடியுமுன் ஒருவனை அனுப்பிவிடுவதற்கு முதலாளி பெரிய காரணம் தேடவேண்டியதில்லை என்பதை அவர் அறிவார். கொழும்புக் கந்தோரில் இன்று சொன்னது நாளை ஊருக்கு வந்து சேரும் என்பதும், வீட்டிலே தங்கைக்குப் பேச்சுக்கால் நடக்கிறது என்பதும் அவர் மனத்தில் இருக்கும். இந்தப் பயங்களுக்கு வேர் உண்டு. அவற்றை அசட்டை செய்து, உண்மையே பேசு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது பேச்சாளனுக்குச் சுலபம்; வீட்டுக்குப் போய் முகங்கொடுப்பவன் வேறொருவன் அல்லவா?

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனம் காரணமாக வேலைக்கு ஆள் சேர்ப்பதில் ஒருவருக்குப் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆனால் அச்சட்டம் அங்கவீனர் என்று வரையறுப்பது, உடல் அல்லது உளக் குறைபாட்டினால் தம் வாழ்க்கைத் தேவைகளைத் தாமே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற இயலாதவரை. காலையில் ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸேறி வேலைக்கு வருகிறவன் அந்த வரையறைக்குள் இலகுவில் அடங்கமாட்டான். பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமோ, வேலை தருவதாகச் சொல்லுமுன் விண்ணப்பகாரரின் உடல்நலம் பற்றிக் கேள்வி கேட்பதையே பெரும்பாலும் தடுக்கிறது. அத்தகைய குடை நம் கையில் இருப்பதாக எண்ணி மழையில் இறங்கிவிடக் கூடாது.

அப்படியானால் மறைத்தே இருந்துவிடலாமா? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம், வருடாந்த லீவு நீங்கலாக, சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்குமாக ஆண்டுக்கு 7 நாள் லீவு தருகிறது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறவனுக்கு ஆண்டில் 12 நாள் வேண்டும். அரைநாளோடு திரும்பினாலும் 6 நாள் போய்விடும். மிஞ்சுவது ஒரு காய்ச்சலுக்குரிய ஒரு நாள். ஒவ்வொரு மாதமும் பெரியம்மாவுக்குச் சுகமில்லை, மாமாவின் செத்தவீடு என்று காரணம் சொல்லிச் சொல்லி, ஆண்டு முடிவதற்குள் இல்லாத மாமன்மாரையும் கொன்று தீர்க்க வேண்டியதுதான். நோயைச் சொல்லாதவன் ஈற்றில் பொய்யன், வேலைக்கள்ளன் என்ற பெயரை எடுக்கிறான். அந்தப் பெயர் நீரிழிவைவிடக் கெட்டது.

இனி, கணக்கில் அடங்காத விடயம் ஒன்று. இன்சுலின் போடுபவருக்கும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவருக்கும், சாப்பாடு பிந்தினாலோ வேலை கடுமையானாலோ இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிடலாம். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமற் கோபம் வரும். இந்நோயைப் பற்றி ஒன்றும் அறியாத கந்தோரில் பகல் பன்னிரண்டரை மணிக்கு ஒருவன் இந்தக் கோலத்தில் நின்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? வெறியில் நிற்கிறான் என்பார்கள். வீட்டுக்குப் போய்ப் படு என்று தனியே அனுப்பிவிடுவார்கள். அவனுக்கு அந்நேரம் வேண்டியது மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், கால்மணி நேரம் பார்த்துத் தேறாவிட்டால் இன்னொரு முறை, பிறகு சாப்பாடு. நினைவு தவறிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதிலே உயிரே தங்கியிருக்கலாம்.

ஆகவே நம் எண்ணம் இது. 'முதலாளிக்குச் சொல்வதா' என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் இளைஞர்கள் தடுமாறுகிறார்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அப்படி இறங்குவது அரிது. அவர் மேசையிலிருந்து எழுதும் வேலை செய்பவரானால், யாரும் கேளாதவிடத்துத் தம் நோயை யாருக்கும் அறிவிக்கவேண்டிய கடன் அவருக்கு இல்லை. ஊசியோ, சீனியைத் தாழ்த்தும் குளிசையோ எடுப்பவர், முதலாளிக்குச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பக்கத்து மேசைக்காரர் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். பஸ், லொறி ஓட்டுபவர், உயரத்தில் ஏறுபவர், பெரும் இயந்திரத்தோடு நிற்பவர் ஆகியோருக்குத் தெரிவு இல்லை; சொல்லத்தான் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்காகத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்துக்குப் போகும்போதும் மறைக்கலாகாது. அங்கே பணயம் வைக்கப்படுவது அவருடைய உயிர் மட்டுமன்று. சொன்னால் தொழில் போய்விடும் என்ற பயம் எல்லாவிடத்தும் மெய்யாவதில்லை. பிரித்தானியாவில் இன்சுலின் போடுபவர் பார லொறி ஓட்டுவதற்கு இருந்த முழுத் தடையை 2011 இல் நீக்கி, ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து அனுமதிக்கத் தொடங்கினார்கள்.

விண்ணப்பப் பத்திரத்திலோ வைத்தியப் பரிசோதனையிலோ நேராகக் கேட்டால், இல்லை என்று எழுதக் கூடாது. பின்னர் வேலை போவதற்கு நோய் காரணமாக வேண்டியதில்லை. அந்தப் பொய்யெழுத்தே போதும். கேளாதபோது நேர்முகப் பரீட்சையில் தாமாக எடுத்துச் சொல்ல வேண்டியதுமில்லை. மேலதிகாரிக்குச் சொல்வதாயின், நியமனக் கடிதம் கைக்கு வந்த பின்னும், ஒருமுறை விழுந்தெழும்புவதற்கு முன்னும் சொல்வது நன்று. விழுந்த பின் சொல்வது மன்னிப்புக் கேட்பது போலாகிவிடும்.

சொல்லும் முறையும் உண்டு. அழுதுகொண்டு சொல்ல இது பாவமன்று. "சேர், எனக்கு நீரிழிவு இருக்கிறது, ஊசி போடுகிறேன். மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்குப் பிந்தக் கூடாது. மாதத்தில் ஒரு நாள் கிளினிக். திகதியை முன்கூட்டியே தருகிறேன். வேலையில் மற்றவர்களுக்குக் குறைந்து நிற்கமாட்டேன்." இவ்வளவு போதும். எத்தனை அலகு ஊசி, குடும்பத்தில் யார் யாருக்கு உண்டு என்பதெல்லாம் வைத்தியருக்குரியவை.

கிரிக்கட் பார்க்கும் தம்பிமாருக்கு வசீம் அக்ரமைத் தெரியும். 1997 இல் அவருக்கு நீரிழிவு என்று அறியப்பட்டது. இன்சுலினோடு 2003 வரை பாகிஸ்தானுக்காகப் பந்து வீசினார். ஒருநாள் ஆட்டங்களில் ஐந்நூறாவது விக்கெட்டை எடுத்ததும் 2003 இல்தான். பிரித்தானியாவில் உள்துறை அமைச்சராயிருந்த தெரேசா மே, தமக்கு முதலாம் வகை நீரிழிவு என்பதை 2013 இல் வெளிப்படையாகச் சொன்னார். 2016 இல் பிரதமரானார். அமைச்சருக்கும் பெரிய ஆட்டக்காரருக்கும் உள்ள பலம் தற்காலிக லிகிதருக்கு இல்லையே என்று யாராவது சொன்னால் நாம் மறுக்கமாட்டோம். அதனாலேதான் இவ்வளவு நேரமும் எப்பொழுது, யாருக்கு, எவ்வளவு என்று பேசினோம்.

கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் பாடசாலைகளுக்கும் தலைவர்களாயிருக்கும் பெரியோர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு பிள்ளை வந்து இதைச் சொன்னால், அது உங்கள் மேசையோடு நிற்கட்டும். தேநீர் வேளையில் எல்லார் முன்னிலையிலும் "உமக்குச் சீனி ஆகாதல்லோ" என்று பரிவாகக் கேட்பதுகூட ஊருக்குப் பறையடிப்பதுதான். தீபாவளிப் பலகாரத்தை நீட்டி, "ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்துவதும் அப்படியே. நீங்கள் வாய்காத்தால், அடுத்த பிள்ளை பயமின்றி உங்களிடம் வரும்.

கடைசியாக ஒன்று. ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போகும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. ஊசியோ சீனியைத் தாழ்த்தும் குளிசையோ எடுப்பவர், விரதத்துக்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரைக் கண்டு, விரதம் இருக்கலாமா, இருந்தால் மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆறு நாளும், "இன்றைக்கு நான் விரதம்" என்று பக்கத்து மேசைக்காரருக்குக் காலையிலேயே சொல்லி, மேசை லாச்சியில் குளுக்கோஸ் பக்கற் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள்.