பேரவையில் ஒருவர் அதிகம்

பல்கலைக்கழகம் என்றால் நமது வீடுகளில் இசட் புள்ளி எவ்வளவு, எந்தப் பீடம் கிடைத்தது, விடுதி உண்டா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ தெரிவாகிவிட்டால், இரவு பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்தப்போகும் விரிவுரையாளரை யார் நியமிக்கிறார்கள், யார் நீக்கலாம், வகுப்புக்கு வெளியே அவர் என்ன செய்யலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. இன்றைய உரை அதைப் பற்றியது. நிர்வாக விடயம்தானே என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். நிர்வாக விடயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிற இடத்தில்தான் சில பெரிய காரியங்கள் சத்தமில்லாமல் முடிந்துபோகின்றன.

ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடந்தே போய்விடலாம். ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று இந்தப் பகுதி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2008, 2009 ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கை, கடற்படையினர்மீது குற்றஞ்சாட்டப்பட்ட அந்த வழக்கை, பத்திரிகையில் தேடித் தேடி வாசித்த வீடுகள் இங்கே உண்டு. வடக்கிலும் அப்படியொரு வழக்கு நடந்தது. 1996இல் நாவற்குழிப் பகுதியில் இராணுவத்தால் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போன 24 இளைஞர்களில் சிலருக்காக, அவர்களின் உறவினர்கள் 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத்தாக்கல் செய்தார்கள். மனுதாரர்களுக்காகத் தோன்றியவர்களில் ஒருவர் கலாநிதி குமாரவடிவேல் குருபரன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் சிரேஷ்ட விரிவுரையாளர். அந்தத் துறைக்குத் தலைவராகவும் இருந்தவர். 2019இல் இராணுவத்திடமிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போனது. முழுநேர விரிவுரையாளர் ஒருவர் நீதிமன்றத்தில் தோன்ற எப்படி அனுமதிக்கப்பட்டார் என்று அது கேட்டது. ஆணைக்குழு பல்கலைக்கழகத்துக்குப் பணிப்புரை அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவை அவர் சட்டத்தொழில் செய்வதற்குத் தடை விதித்தது. அவர் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 ஜூலையில் பதவியையே விட்டு விலகினார்.

இதைக் கருத்துச் சுதந்திரத்தின் பிரச்சினையாகப் பார்த்தவர்கள் பலர். அது சரிதான். ஆனால் நான் பிடித்துக்கொள்ள விரும்புவது அதைவிடச் சிறிய ஒரு நூலை. தடை எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். அவருடைய விரிவுரையை யாரும் தணிக்கை செய்யவில்லை. அவர் எழுதிய கட்டுரை எதையும் யாரும் மீளப்பெறச் சொல்லவில்லை. பயன்பட்டது ஒரு சேவை நிபந்தனை. முழுநேர ஊழியர் வேறு தொழில் செய்யலாமா என்ற, எந்த அலுவலகத்திலும் எழக்கூடிய கேள்வி. ஒரு கல்வியாளரின் சுதந்திரம் பெரும்பாலும் இப்படியான இடங்களில்தான் கூடுவதும் குறைவதும்: நியமனத்தில், தகுதிகாண் காலத்தில், பதவி உயர்வில், விடுமுறை அனுமதியில், வெளிவேலை அனுமதியில். ஆகவே அந்த நிபந்தனைகளை எழுதுகிற, எழுதியதைப் பிரயோகிக்கிற கை யாருடையது என்பதுதான் முதற் கேள்வி என்பது என் வாதம். அந்தக் கை பல்கலைக்கழகத்துக்குள்ளே இருக்க வேண்டும். அது எழுதும் விதி முன்கூட்டியே, எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பும்கூட. முழுநேரச் சம்பளம் வாங்குபவர் முழுநேரமும் மாணவருக்கு உரியவர் அல்லவா? வரி கட்டுகிறவன் வேறெதை எதிர்பார்ப்பான்? நல்லது, அந்த அளவுகோலையே எடுத்துக்கொண்டு மருத்துவ பீடத்துக்குள் நுழைவோம். அங்கே விரிவுரையாளராக இருப்பவர் போதனா வைத்தியசாலையில் நோயாளியையும் பார்க்கிறார். மாலையானால் சனலிங் நிலையத்தில் அவருடைய இலக்கத்துக்கு நாமே வரிசையில் காத்திருக்கிறோம். நோயாளியைத் தொடாத ஒருவர் சத்திரசிகிச்சை கற்பிப்பதை நாம் விரும்பமாட்டோம் என்பதால் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. நீதிமன்றப் படியேறாத ஒருவர் வழக்கு நடைமுறை கற்பிப்பதும் அதைப் போன்றதுதான். இல்லை, சட்டம் வேறு மருத்துவம் வேறு என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும், அந்த வாதம் நடக்கவேண்டிய இடம் பீடச்சபையும் செனட் எனப்படும் மூதவையும். வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எந்த வகை வழக்கு, கட்டணம் பெறலாமா, விரிவுரை நேரத்தோடு மோதினால் என்ன செய்வது என்று அங்கே பேசி, ஒரு பொதுவிதியாகத் தீட்டி, எல்லாப் பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியர்களுக்கும் பொருத்தலாம். அந்த விதி கடுமையாகவே இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள ஒரு நியாயம் இருக்கும். இங்கே கேள்வியைத் தொடக்கிவைத்தது வழக்கின் எதிர்த்தரப்பு. வழக்கில் எதிரே நிற்கும் ஒருவரின் கடிதத்திலிருந்து பிறக்கும் சேவை நிபந்தனை, மாணவரின் நேரத்தைக் காப்பதற்காகப் பிறந்தது என்று நம்புவது கடினம். முடிவில் மாணவருக்குக் கிடைத்தது கூடுதல் நேரமும் அல்ல, ஆசிரியரே இல்லாமற்போனதுதான்.

சரி, பேரவை ஏன் மறுக்கவில்லை? நேயர்களே, இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் பொறுமையாக இருங்கள். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம்தான் இன்றும் நம்மை ஆள்கிறது. அதன் 44ஆம் பிரிவு பேரவையின் அமைப்பைச் சொல்கிறது. துணைவேந்தர், பீடாதிபதிகள் போன்றோர் பதவிவழி உறுப்பினர்கள். மூதவை தன் உறுப்பினர்களிலிருந்து இருவரைத் தெரிவுசெய்து அனுப்பும். அடுத்து, கல்வி, தொழில்வாண்மை, வர்த்தகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் ஆகிய துறைகளில் சிறந்த பணியாற்றியவர்கள் என்ற தகுதியில் மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியார். இவர்கள் எத்தனை பேர்? சட்டம் எண்ணைச் சொல்லவில்லை, ஒரு கணக்கைச் சொல்கிறது: உள்ளே இருப்பவர்களின் மொத்தத் தொகையோடு ஒன்றைக் கூட்டு. பத்துப் பீடங்கள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். துணைவேந்தர் ஒருவர், பீடாதிபதிகள் பத்துப் பேர், மூதவையிலிருந்து இருவர், ஆக 13. வெளியார் 14. பதினோராவது பீடம் ஒன்றைத் திறந்தால் உள்ளே 14, வெளியே 15. பல்கலைக்கழகம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த ஒருவர் எப்போதும் கூடவே வளர்வார். ஆசிரியர்கள் அனைவரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னாலும், ஆணைக்குழு நியமித்தவர்களும் ஒரே குரலில் பேசினால் தோற்றுப்போவார்கள். நியமனம், பதவி நீக்கம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் இந்தப் பேரவையின் கையில். என்ன பாடம், எப்படிப் பரீட்சை என்பது மூதவையின் கையில். அங்கே ஆசிரியர்களே பெரும்பான்மை. ஆக, பாடத்திட்டத்தில் நம்பப்படும் பேராசிரியர், சக ஊழியரின் வேலை விடயத்தில் நம்பப்படுவதில்லை. யுனெஸ்கோ 1997இல் உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து வெளியிட்ட பரிந்துரை, ஆளும் அமைப்புகளில் பங்கெடுக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. கல்விசார் அமைப்புகளின் பிரதிநிதிகளில் பெரும்பான்மையைத் தெரிவுசெய்யும் உரிமையையும் சொல்கிறது. நமது மூதவையை வைத்துப் பார்த்தால் இலங்கை தேறிவிடும். ஆட்சி நடக்கும் இடம் மூதவை அல்ல என்பதுதான் சிக்கல்.

துணைவேந்தரின் நாற்காலியும் அதே அமைப்பின் கீழ்தான். 34ஆம் பிரிவின்படி பேரவை மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்யும், ஜனாதிபதி அவர்களில் ஒருவரை நியமிப்பார். மூன்றில் முதலாவதாக வந்தவர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அந்த 2019ஆம் ஆண்டிலேயே துணைவேந்தர் பேராசிரியர் இரத்தினம் விக்னேஸ்வரன் தமது பதவிக்காலம் முடியுமுன் ஜனாதிபதியால் நீக்கப்பட்டார். அவர் இடத்துக்குத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் வந்தார். அடுத்த துணைவேந்தர் 2020 ஆகஸ்டில்தான் நியமனமானார். காலவரிசையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: விரிவுரையாளருக்குத் தடை வந்த நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரே இல்லை. தகுதிவாய்ந்த அதிகாரியாக இருந்தவரைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. தற்காலிகமாக அமர்த்தப்பட்ட யாரும் தம்மை அமர்த்தியவர்களின் பணிப்புரையை மறுத்து எழுதுவது அரிது; அது மனித இயல்பு. நிறுவனத்தின் துணிவு தனிமனிதரின் துணிவை நம்பி நிற்கும்படி சட்டம் அமைந்திருப்பதுதான் குறை.

பணம் அரசாங்கத்தினுடையது, ஆகவே அரசாங்கம் கேள்வி கேட்கத்தானே வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. கேட்கலாம். கணக்காய்வாளர் நாயகம் வரலாம், பாராளுமன்றக் குழு கூப்பிடலாம், ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஆணைக்குழு விசாரிக்கலாம். செலவைக் கேட்பதும் ஆளைத் தெரிவுசெய்வதும் இரண்டு வேறு அதிகாரங்கள். 1966இல் உயர்கல்வி தேசிய சபை வந்தபோதும், 1972இல் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கியபோதும் இந்த இரண்டும் ஒன்றாகவே கட்டப்பட்டன. அப்படி வளாகமாக 1974இல் பிறந்ததுதான் யாழ்ப்பாணம். 1978இன் சட்டம் வளாகங்களைத் திரும்பப் பல்கலைக்கழகங்களாக்கியது, முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற கோஷம்தான் எல்லோர் வாயிலும் நின்றது. பல்கலைக்கழகத்தில் அரசியல் தலையீட்டை நிறுத்து என்று அதே வரிசையில் இருந்த கோரிக்கை மறக்கப்பட்டுவிட்டது. கூட்டமைப்பினரே பின்னர் அந்த ஆறைப் பற்றிப் பேசிய அளவுக்கு 44ஆம் பிரிவைப் பற்றிப் பேசியதில்லை என்பது என் எண்ணம். தமிழ்நாட்டுச் செய்தியைத் தொலைக்காட்சியில் பின்தொடரும் நேயர்கள் அங்கே துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்று நீதிமன்றம்வரை போன சண்டையைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சண்டையில் ஆசிரியர் என்ற மூன்றாம் தரப்பு எங்காவது கண்ணில் பட்டதா?

மூன்றாவது மறுப்புத்தான் எனக்கு மிகவும் கடினமானது. ஆசிரியர் கையிலேயே எல்லாவற்றையும் கொடுத்தால், தன் மாணவன், தன் ஊரவன், தன் உறவினன் என்று நிரப்பிவிடுவார்கள் என்கிறார்கள். இது வெறும் பழி அல்ல. தான் படித்த துறையிலேயே விரிவுரையாளராகி அங்கேயே ஓய்வுபெறுபவர்கள் நமது பல்கலைக்கழகங்களில் நிறையப் பேர். ஆகவே வெளியார் இருக்க வேண்டும், நான் அதை மறுக்கவில்லை. வெளியிலிருந்து வரும் அழுத்தம் எல்லாம் அரசிடமிருந்தே வருவதும் இல்லை. 2006இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடாதிபதி கடத்தப்பட்டார். துணைவேந்தர் பதவி விலகினால் விடுவிப்போம் என்பது கடத்தியவர்களின் நிபந்தனை. துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் விலகல் கடிதம் கொடுத்தார். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. அவர் கொழும்பிலிருந்தபடி பணியைத் தொடர்ந்தார். அந்த டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பு 7இல் ஒரு கூட்டத்துக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அப்படியான காலத்தில் எந்தப் பேரவையும் யாரையும் காப்பாற்றியிராது என்று சொல்லலாம். துப்பாக்கியின் முன் விதி நிற்காது, உண்மை. ஆனால் 2019இல் வந்தது துப்பாக்கி அல்ல, தபாலில் வந்த கடிதம். அதற்கு ‘எங்கள் விதி இது, இதன்படி அனுமதி கொடுத்தோம்’ என்று இன்னொரு கடிதமே போதும். அதை எழுதத் தயங்காத பெரும்பான்மை பேரவைக்குள் இல்லை.

அப்படியென்றால் வெளியாரை எங்கிருந்து கொண்டுவருவது? ஒரே கையிலிருந்து வராமல் பல கைகளிலிருந்து வரட்டும். சட்டத்தரணிகள் சங்கம் ஒருவரை, பொறியியலாளர் நிறுவனம் ஒருவரை, பட்டதாரிகள் தேர்தலில் இருவரை, அந்தப் பிரதேசத்தின் உள்ளூராட்சி மன்றங்கள் ஒருவரை, ஆணைக்குழுவும் இருவரை அனுப்பலாம். கூட்டிய தொகை உள்ளே இருப்பவர்களைவிட ஒன்றாவது குறைவாக இருக்க வேண்டும். தனி ஒருவருக்கு எதிரான சேவை முடிவு எதுவும் மூதவையின் எழுத்துமூலக் கருத்து இல்லாமல் எடுக்கப்படக்கூடாது. வெளியே இருந்து ஒரு முறைப்பாடு வந்தால் அதன் பிரதி முதலில் சம்பந்தப்பட்டவர் கைக்குப் போக வேண்டும். சட்டத்தில் இரண்டு மூன்று வரிகள் மாறினால் போதும், புதிய கட்டடமோ புதிய ஒதுக்கீடோ தேவையில்லை. அதனால்தான் எந்த அமைச்சருக்கும் இதில் ஆர்வம் பிறக்காது, திறந்துவைக்க ஒன்றும் இல்லை பாருங்கள்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து கைகாட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், அங்கே பேரவையில் ஆணைக்குழு நியமித்தவர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் விரிவுரையாளரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.