நம்ம பாலம் யாருடைய கணக்கில் இருக்கிறது?

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பாதைகளையும் பாலங்களையும் பற்றிப் பேசப்போகிறேன். தோட்டத்துக் கூட்டத்தில் யாழ்ப்பாணக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். 1977, 1983 கலவரங்களில் மலைநாட்டை விட்டுப் போன நம் ஆட்கள் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். வடக்கின் பாதை அறுந்தபோது அவர்களும் சேர்ந்தே அறுபட்டார்கள். இன்னொரு காரணம், 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல். நம் மலையிலும் பாலங்கள் போயின, ரயில் பாதை உடைந்தது. போன பாலத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று நாம் யோசிக்கவேண்டிய நேரம் இது.

யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது 1905இல். 1956இல் யாழ்தேவி வந்தது. 1990 ஜூனில் எல்லாம் நின்றது. ரயில் நின்றதோடு விஷயம் முடியவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் கட்டப் போய்விட்டன. பாதை இருந்த இடத்தில் பற்றை மண்டியது. ஸ்டேஷன் கட்டடங்கள் இடிந்து கிடந்தன.

அதே காலத்தில் ஆனையிறவு வீதியும் அடைபட்டது. அடுத்த வழி கேரதீவு–சங்குப்பிட்டி. அங்கே பாலம் கிடையாது, மிதவைதான். அந்த ஊர் மக்கள் அதைத்தான் ‘பாதை’ என்பார்கள். அதுவும் நின்றது. பிறகு கொம்படி, ஊரியான் பக்கம் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். கடைசியில் கிளாலியில் இரவில் படகேறினார்கள். அந்தக் கடலில் எத்தனையோ பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிற பிள்ளை, சாமான் வாங்கப் போகிறவர் எல்லோருக்கும் அதுதான் வழி.

பிறகு என்ன நடந்தது? 2011 ஜனவரியில் சங்குப்பிட்டியில் 288 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள். இந்தியாவின் கடனுதவியோடு ரயில் பாதையை அடியிலிருந்து புதிதாகப் போட்டார்கள். 2013இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அந்த வருஷம் அக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. 1990இல் பிறந்த பிள்ளை தன் ஊருக்கு ரயில் வருவதைப் பார்க்கும்போது வயது 24.

ஆனாலும் வந்ததே, ஏன்? போர் முடிந்தது, கடன் கிடைத்தது, மக்களும் கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் உண்டு. தண்டவாளம் காணாமல் போனாலும் அந்தப் பாதை ரயில்வே திணைக்களத்தின் கணக்கில் இருந்தது. சங்குப்பிட்டி வீதி அரசாங்கத்தின் பெருந்தெரு வரைபடத்தில் இருந்தது. போனது யாருடையது என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இருந்தது.

கணக்கிலிருந்து வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. 1940களில் அது மூடப்பட்டது. தேயிலைக்கு லொறி கிடைத்தது, ரயில் போனது போனதுதான்.

இப்போது நம்ம பாலத்துக்கு வருவோம். லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஆறு. அதன்மேல் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலமோ, இரண்டு மரத்தைப் போட்ட பாலமோ. மழைக்காலத்தில் என் வகுப்பு வரவேட்டைப் பார்த்தாலே ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். கொழுந்துக் கூடையோடு அதே பாலத்தில்தான் நம் அம்மாமார் நடக்கிறார்கள். அது யாருடைய பாலம்? தோட்டத்தைக் கேட்டால் சபையைக் கேள் என்பார்கள். சபையைக் கேட்டால் அது தோட்டத்துக் காணி என்பார்கள்.

முன்பு அந்தப் பதிலுக்குச் சட்டமும் துணை நின்றது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே அந்தப் பழைய பதிலை இனி நாம் வாங்கிக்கொண்டு திரும்பக்கூடாது.

ஒவ்வொரு கமிட்டியும் மூன்று வேலை செய்யவேண்டும். ஒன்று, உங்கள் தோட்டத்தில் உள்ள பாலம், மதகு எல்லாவற்றையும் எண்ணுங்கள். விழுந்துபோனதையும் சேர்த்து எண்ணுங்கள். போனிலேயே படம் எடுங்கள், எத்தனை குடும்பம் பாவிக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு, அந்தப் பட்டியலைத் துரையிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று, பழைய பாலத்தைக் கழற்ற வந்தால் முதலில் கேளுங்கள்: புதியது எப்போது, அதுவரை பிள்ளைகள் எப்படிக் கடப்பது? பதிலை எழுத்தில் வாங்கும்வரை இரும்பை லொறியில் ஏற்ற விடாதீர்கள். இரும்பு போனபிறகு அங்கே ஒரு பாலம் இருந்தது என்பதற்கே சாட்சி இருக்காது.

யாழ்ப்பாணத்து மக்கள் 24 வருஷம் காத்திருந்தார்கள். அவர்கள் பாதைக்காவது ஒரு கணக்கு இருந்தது. நம் பாலங்களுக்கு அந்தக் கணக்கை நாம்தான் எழுதவேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பட்டியலோடு வாருங்கள்.